பாலத்தைத் தள்ளி வைத்தேன்

ட்ரெட்மில்லில் ஓடுவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் வேறொன்று இருக்காது. காலமெல்லாம் ஓட்டக்காரிகளோடு கழித்தவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கிதாஜிமா ஐயா. தெற்கத்திக்காரர், அந்த மெல்லிய ஷூவைப் போட்டுக்கொண்டு எங்கள் பனியில் நடந்திருக்கிறீர்கள். விரலெல்லாம் விறைத்துப் போயிருக்கும். காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கணப்பு இருக்கிறது. இந்தக் கடுகுக்கீரை ஊறுகாய் நான் போட்டதுதான்.

ஷியோரி வரக் கொஞ்ச நேரமாகும். சுகிதா அண்ணன் கடைக்கு டோஃபு வாங்கப் போயிருக்கிறாள். ஊன்றுகோலோடு தெருவில் இறங்கினால் வழியில் நாலு பேர் நிறுத்தி விசாரிக்காமல் விடமாட்டார்கள். அதற்குள் நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம்.

காலையில் நீங்கள் அவளிடம் பேசியது எனக்குக் கேட்டது. ஓட முடியாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னபடி ஏப்ரலில் ஒகயாமாவுக்கு வந்துவிடு, அணிக்கு உதவியாளராக இரு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். பெரிய மனசு உங்களுக்கு. "அம்மா சரின்னு சொன்னா வர்றேன் சார்" என்றாள் அவள். அதனால்தான் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் என்னிடம் நீங்கள் கேட்டது அதையல்ல. "ஒகுயாமாம்மா, அந்த ரோடு வீடியோ பத்தி ஷியோரி சொன்னா. அது என்ன கதை?" என்று கேட்டீர்கள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் அக்டோபர் கடைசியிலேயே குளிர்மழை பிடித்துக்கொள்ளும், டிசம்பரில் பனி விழ ஆரம்பித்தால் ஏப்ரலில்தான் மண்ணைப் பார்க்கலாம். சாலை நடுவில் குழாய் போட்டு நிலத்தடித் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். வண்டி ஓடும். மனுஷி ஓடினால் முழங்கால் வரை நனைந்து, வீடு வருவதற்குள் ஜுரம் வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் குளிர்காலம் பூராவும் வராந்தாவிலும் மாடிப்படியிலும்தான் ஓடுவார்கள். அதனால்தான் மூடப்போகிற ஒரு வெந்நீர் ஊற்று விடுதியிலிருந்து அந்தப் பழைய ட்ரெட்மில்லை வாங்கி வந்து போட்டேன். வைத்தியசாலையின் பின்னறையில், கட்டில்களுக்கு நடுவில் இருக்கிறதே, அதுதான்.

வைத்தியசாலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுளுக்கு, மூட்டு நழுவல், எலும்புக்குக் கட்டுப் போடுவது. என் கணவரும் நானும் சேர்ந்து நடத்தினோம். அவர் போய்ச் சில வருஷமாகிறது. கூரைப் பனியைத் தள்ளத் தனியாக ஏறக்கூடாது என்று இங்கே பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு ஷியோரி பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் ஒருவருக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர், "எத்தனை நேரம் உனக்காகக் காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார். கூரைப் பனி மொத்தமாகச் சரிந்தது. தோண்டி எடுத்தபோது கையில் மண்வெட்டியைப் பிடித்தபடியே இருந்தார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரையும் தனியாக விடுவதில்லை என்று இருக்கிறேன்.

மெஷின் வந்த முதல் குளிர்காலம் ஷியோரிக்கு அதைக் கண்டாலே ஆகாது. எதிரே சுவர், சுவரில் தசைப் படம். பாட்டு வைத்துப் பார்த்தாள், ரேடியோ வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவாள்.

"அம்மா, இதுல ஓடுனா கூண்டு எலி மாதிரி இருக்கும்மா."

"எலியாவது சக்கரத்தைச் சுத்துது. உன்னை அந்த மெஷின்தானே சுத்துது?"

"ரொம்ப நல்ல அம்மா" என்று துண்டை என்மேல் வீசுவாள். அவ்வளவுதான், அந்த வருஷம் அப்படியே போயிற்று. கால் நன்றாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் நீங்கள் வந்தீர்கள். பள்ளி முடிந்ததும் உங்கள் கம்பெனி அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். ஊரே கொண்டாடியது. நானும் சிவப்புப் பயறு போட்டுச் சோறு பொங்கினேன், வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினேன். நைட்டோ அக்கா, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், "உன் பொண்ணை இனிமே டிவியிலதான் பார்க்கணும் போல, தோமோயோ" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அடுத்த குளிர்காலம் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். கூரையில் பனி ஏறும், நான் கீழே உட்கார்ந்து அதன் கனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வீடியோ யோசனை வந்தது. ஆனால் அந்தப் பயத்தில் வரவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். கடைசிக் குளிர்காலமாவது அவள் அலுப்பில்லாமல் ஓடட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பனிக்கு முன்னால், அறுவடை முடிந்த சமயம், சுகிதா அண்ணனின் குட்டி டிரக்கில் செல்போனைக் கட்டி எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் சாலையைப் படம் பிடித்தோம். ஊர்க்காரர்களை ஆங்காங்கே நிற்கச் சொன்னேன். கோயில் பூசாரி மணியடித்தார். நைட்டோ அக்கா கத்திரிக்கோலும் கையுமாகக் கடையிலிருந்து ஓடிவந்து, "ஷியோரி, ஓடுடி, முடி வெட்டிருவேன்" என்று துரத்தினாள். பாலத்தின் தொடக்கத்தில் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

உங்கள் தொடர் ஓட்டத்தில் தோளில் குறுக்கே போட்டுக்கொள்வீர்களே தசுகி, அந்தத் துணிப்பட்டை, பள்ளியில் கழித்துப்போட்ட ஒன்றை வாங்கி வந்து அவளுக்கு மாட்டிவிட்டேன். "இதான் சட்டம். பாலத்துல நான் நிப்பேன். என் கையில பட்டையைக் குடுத்தாத்தான் இறங்கலாம்." விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பட்டையைத் தோளில் போட்ட பெண்ணுக்கு அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியாமலில்லை. அடுத்தவள் கையில் கொடுக்கும்வரை நிற்கக்கூடாது, மயங்கினாலும் நிற்கக்கூடாது, அதில் முன்னால் ஓடியவர்களின் வியர்வை இருக்கிறது என்று சின்ன வயதிலேயே நீங்களெல்லாம் சொல்லிக்கொடுத்து விடுகிறீர்களே.

மெஷினுக்கு எதிரே டிவியை வைத்து, அவள் ஓடும்போது அந்தப் படத்தை ஓடவிடுவேன். கடைசியில் பாலம் வரும். திரையில் நான் கையை நீட்டுவேன். அதே நேரத்தில் மெஷின் பக்கத்தில் நின்று நிஜமாகவும் கையை நீட்டுவேன். அவள் பட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்கும். அவர் இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

ஊர்க்காரர்களுக்கும் குஷி வந்துவிட்டது. ஆளாளுக்குப் புதிதாக எடுத்துக் கொண்டுவந்தார்கள். சுகிதா அண்ணன் பூத முகமூடி போட்டுக்கொண்டு வளைவில் ஒளிந்திருந்தார். பூசாரி ஒரு நாள் மணிக்குப் பதிலாக வாணலியைத் தட்டினார். நைட்டோ அக்காதான் செல்போனிலேயே வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தாள். தினமும் ஏதாவது ஒன்றைச் சாலையில் நுழைத்து வைப்பேன். ஷியோரி பள்ளியிலிருந்து வரும்போதே, "இன்னைக்கு யாரும்மா?" என்பாள். "ஓடிப் பாரு, தெரியும்" என்பேன். சோறுகூட இறங்காது, போய் ஏறிவிடுவாள். பள்ளிப் பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொன்ன நாளில்கூட, "சுகிதா மாமா இன்னைக்கு என்ன வேஷமோ" என்று ஏறிவிடுவாள். நான் ஏறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

அலுப்பை எல்லாரும் திட்டுகிறோம். இந்தத் தொழிலில் இருப்பவள் சொல்கிறேன், அலுப்பு உடம்புக்குக் காவல்காரன். வலி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் சொல்லிவிடுவான், போதும், இறங்கு என்று. ஷியோரியின் காவல்காரனை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியதும் தெரிந்தது, அவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடுவாள் என்று.

நவம்பரில்தான் பாலத்தைத் தள்ளி வைக்க ஆரம்பித்தேன்.

கோயில் தேவதாரு மரங்களைத் தாண்டினால் பாலம் வரைக்கும் வெறும் வயல். வயலுக்கு என்ன முகமா இருக்கிறது. அதில் ஒரு துண்டை வெட்டி, அதற்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டினேன். பாலம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அடுத்த வாரம் இன்னொரு துண்டு. அப்புறம் மலைச்சரிவுத் துண்டு ஒன்று, அதற்கு ஏற்றமாதிரி மெஷினையும் சாய்த்துவைத்தேன். காரணம் கேட்டால், முதலில் எனக்கே தெரியவில்லை. அவள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே நான் சமைப்பேன். பாலம் வந்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அது கொஞ்சம் தள்ளி நிற்கட்டுமே என்று இருந்தது.

"அம்மா, பாலம் இன்னைக்கு எங்கம்மா போச்சு?"

"உன் வேகம் குறைஞ்சிருக்கும்."

வேகத்தைக் கூட்டினாள். இன்னொரு நாள், "நைட்டோ அக்கா ரெண்டாவது தடவை வர்றாங்கம்மா, குறுக்கு வழியில ஓடி வந்துட்டாங்க போல" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். வெட்டி ஒட்டியதில் நான் செய்த பிழை. நானும் சிரித்துவைத்தேன்.

கணைக்கால் நோகிறது என்றாள் ஒரு நாள். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். தசைதான் என்று சொல்லி நாடா ஒட்டிவிட்டேன். பள்ளிப் பயிற்சியாளர் நல்ல மனிதர், நொண்டுவதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "அம்மா பார்த்தாங்க சார், தசையாம்." "உங்கம்மாவே பார்த்தாச்சா, அப்ப சரி" என்று விட்டுவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் எலும்பைப் பற்றி என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் ஜனவரி. மாநில அணியின் தொடர் ஓட்டத்தில் அவளுக்கு மூன்றாவது பகுதி கிடைத்ததும், ஓட்டம் டிவியில் வந்ததும் உங்களுக்குத் தெரியும், நீங்களே அங்கே நின்றீர்கள். நாங்கள் இங்கே, பின்னறையில், அந்த ட்ரெட்மில்லைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஊரே கூடி உட்கார்ந்து பார்த்தோம். சுகிதா அண்ணன் சாக்கே மதுப் போத்தலோடு வந்திருந்தார். பட்டையை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பியபோது ஒரே கைத்தட்டல். இரண்டு பேரை முந்தினாள். மூன்றாவது ஆளுக்குப் பக்கத்தில் போகும்போது கால் மடிந்தது.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். டிவியில் சத்தம் வராது. எனக்குக் கேட்டது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். விழுந்தாள். அப்புறம் முழங்காலையும் கையையும் ஊன்றித் தவழ ஆரம்பித்தாள். பட்டையைத் தரையில் படாமல் பல்லில் கடித்துக்கொண்டாள். தார்ச்சாலையில் அவள் முழங்கால் போன வழியெல்லாம் சிவப்பாகக் கோடு. ஓட்ட அதிகாரி ஒருவர் கூடவே நடந்தார், தொட்டால் அணிக்கே தகுதி போய்விடும் என்று தொடாமல் நடந்தார். அறையில் எல்லாரும் அழுதார்கள். "விடாதே ஷியோரி, விடாதே கண்ணு" என்று சுகிதா அண்ணன் தரையை அடித்துக்கொண்டு கத்தினார். நைட்டோ அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டு, "என்ன பொண்ணு பெத்திருக்கே, தோமோயோ" என்றாள். நான் மட்டும், "நில்லுடி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவளை நில் என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவள் நிற்கவில்லை. கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள்.

எலும்பு நொறுங்கியது முதலில் விழுந்ததில் அல்ல, தவழ்ந்ததில் என்று டாக்டர் சொன்னார். தகடு வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, மூங்கில் இலைக் கொழுக்கட்டைப் பெட்டிகள் வாங்கி வரச் சொன்னாள். எதற்கு என்றேன். மன்னிப்புக் கேட்கப் போகணும் என்றாள்.

போனோம், ஐயா. வீடு வீடாகப் போனோம். பனிச்சுவருக்கு நடுவில் அவள் ஊன்றுகோலை ஊன்றி முன்னால், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். வீடியோவில் நின்று கை தட்டியவர்கள் ஒருத்தரையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக்காலில் நின்று, இடுப்பு வளைய வணங்கினாள். "எனக்காக நீங்க எல்லாரும் பட்ட பாட்டை வீணாக்கிட்டேன். மன்னிச்சிருங்க." சுகிதா அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குற? எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? உள்ள வா முதல்ல, சூடா சோயாப் பால் குடி" என்று அழுதார். அவள் பக்கத்தில் நின்று நானும் வணங்கினேன். அவளைவிடத் தாழ்வாக வணங்கினேன். தாய் என்றால் அப்படித்தானே வணங்க வேண்டும்.

கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போது என் பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் கேக்கணும்மா" என்று நடுத்தெருவில் எனக்கும் வணங்கினாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் தலையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, "சரி, வா, குளிரும்" என்றேன்.

இன்று காலை உங்களிடம் அவள் சொன்னதையும் கேட்டேன். சமையலறையில் இருந்தேன், கெட்டில் கையில் இருந்தது. "அம்மா ரோட்டை நீட்டுவாங்க சார். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாங்க. அந்த ரோட்டுல ஒவ்வொரு மின்கம்பமும் எனக்குத் தெரியும். நான் ஜெயிக்கணும்னுதானே, ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு வெட்டி ஒட்டுனாங்க. அதனால நானும் ஒண்ணும் சொல்லலை." கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தே ஓடியிருக்கிறாள். எனக்காக ஓடியிருக்கிறாள்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாள் என்று இப்போது உங்கள் மனசில் ஓடும். நான் கிள்ளவில்லை. தொட்டிலை ஆட்டினேன், கொஞ்சம் அதிகமாக ஆட்டினேன். இப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் போன்ற கட்டு வைத்தியர்களுக்கு எக்ஸ்ரே எடுக்க உரிமை கிடையாது. அதனால் எங்களிடம் இசைக்கவை இருக்கும். பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள், தட்டினால் ஊங்கென்று அதிரும் அந்த இரும்புக் கவை. அதைத் தட்டி எலும்பின்மேல் வைப்போம். நல்ல எலும்பு சும்மா இருக்கும். விரிசல் இருந்தால் ஆள் துள்ளிவிடுவார். கணைக்கால் நோகிறது என்று அவள் சொன்னாளே, டிசம்பரில், அன்றைக்கு நான் கையால் மட்டும் பார்க்கவில்லை. கவையை வைத்தேன். முழங்காலுக்குக் கீழே வைத்தேன், சும்மா இருந்தாள். கணுக்காலுக்கு மேலே வைத்தேன், சும்மா இருந்தாள். நடுவில் வைத்தேன், கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"சுரீர்னுதும்மா."

"இரும்பு சில்லுன்னு இருக்குல்ல, அதான்."

"ஓ" என்று மறுபடி படுத்துக்கொண்டாள்.

விரிசல் எங்கே என்று பேனாவால் கோடு போடும் அளவுக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கும் சாலையில் ஒரு துண்டு சேர்த்தேன். சின்னதாக முறியும் என்று நினைத்தேன். வீட்டுக்குள், மெஷின்மேல், என் கைக்கு எட்டுகிற இடத்தில் முறியும். நான் தாங்கிப் பிடித்துக்கொள்வேன், நானே கட்டுப் போடுவேன், ஒரு குளிர்காலம் படுத்திருப்பாள், நீங்கள் வேறு பெண்ணைத் தேடிக்கொள்வீர்கள். அதற்குமேல் ஒரு கெடுதலும் நான் நினைக்கவில்லை. தெருவில், அத்தனை பேர் பார்க்க, என் பெண் நாலு காலில் தவழுவாள் என்று நினைக்கவேயில்லை.

எழுந்திருக்காதீர்கள், இன்னும் முடியவில்லை.

இந்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லாக் கூடிடுச்சு. இனிமே கணவாயைத் தாண்டி இவ்வளவு தூரம் வரணுமா? நீங்க இந்தத் தொழில்தானே, நீங்களே பார்த்துக்கலாமே" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். கவையைத் தட்டி அந்த இடத்தில் வைக்கிறேன். அவள் துள்ளுவதில்லை.

"வலிக்கலையேம்மா. கூடிடுச்சா?"

"நரம்பு மரத்துப்போய்க் கெடக்கு. வலிக்காததுதான்டி மோசம். ஓடுறதை மறந்துடு."

முகம் அப்படியே விழுந்துவிடும். பிறகு, "சரிம்மா" என்பாள். அந்தச் சரிம்மாவைக் கேட்கும்போதெல்லாம் நான் செத்துப் பிழைக்கிறேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

அவளுக்கு அந்த ஊன்றுகோல் தேவையில்லை, ஐயா. இன்றைக்கே கீழே போட்டுவிட்டு நடக்கலாம். கோடைக்குள் ஓடலாம். பழையபடியே ஓடலாம்.

இன்று சரி என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் உங்களை உட்காரவைத்தேன். காலையிலிருந்து அரிசி களையும்போதும் டீ போடும்போதும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். அதோ, வாசலில் பனியை உதறுகிறாள். கேட்கிறதா, "அம்மா, டோஃபுவை உடையாமக் கொண்டாந்துட்டேன்" என்கிறாள். சாதாரணமாகத்தான் சொல்கிறாள். இந்தக் குரல் இல்லாமல் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் அவளிடம் சொல்லலாம். நான் தடுக்கமாட்டேன். எல்லாவற்றையும் சொல்லுங்கள், மரியாதையாக உட்கார்ந்து கேட்பாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாள். "கூடிடுச்சாம்மா?" என்பாள். இல்லை என்பேன்.

பெற்றவளை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்.